டபிள்யூடி ப்ளூ எஸ்என்580 1 டிபி: நீங்களே மாட்டலாம், லேப்டாப் வாரண்டியும் போகாது

லேப்டாப்பில் சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்ட ஆரம்பித்துவிட்டால், மாற்றாக வாங்க, வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்எஸ்டியான (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்புகளில் சேமிக்கும் டிரைவ்) டபிள்யூடி ப்ளூ எஸ்என்580-இன் 1 டிபி மாடலைத் தயங்காமல் சொல்லலாம். சந்தையில் இதைவிட வேகமான டிரைவ்கள் எத்தனையோ உண்டு. ஆனால் லேப்டாப்புக்குள் அதிகம் சூடேறாமல், பேட்டரியைத் தின்னாமல், வருடக்கணக்கில் கிடக்க வேண்டிய பொருளுக்கு என்ன தேவையோ அது இதில் இருக்கிறது. தேவையில்லாததற்கு நம்மிடம் காசு வாங்கவில்லை.

வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தயங்குவது டிரைவை நினைத்து அல்ல. "பின்மூடியைக் கழற்றினாலே வாரண்டி போச்சு" என்று கடைக்காரர் சொன்னதை நினைத்துத்தான். அந்தப் பேச்சில் கால்வாசி உண்மை, முக்கால்வாசி பயம். டிரைவைப் பார்த்துவிட்டு அதற்கு வருவோம்.

டிரைவ் எப்படி?

2023-இல் வெளிவந்த மாடல். 250 ஜிபி, 500 ஜிபி, 1 டிபி, 2 டிபி என நான்கு கொள்ளளவு. எம்.2 2280 வடிவம், அதாவது லேப்டாப் போர்டில் நேராகச் செருகும் மெல்லிய அட்டை, 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சிப்புகள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதால் மெலிந்த லேப்டாப்பிலும் அடிப்பக்கம் இடிக்காமல் உட்கார்ந்துவிடும். பிசிஐஇ 4.0 (டேட்டா போகும் பாதையின் தலைமுறை), நான்கு லேன் (தடம்). 1 டிபி மாடலுக்கு, படிக்கவும் எழுதவும் நொடிக்கு 4150 எம்பி வரை என்கிறது கம்பெனி.

அந்த 4150 எல்லா லேப்டாப்பிலும் வராது. இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் பிசிஐஇ 4.0 உண்டு. ஆனால் ஏஎம்டி ரைசன் 5 5500யூ, 5625யூ, 7530யூ போன்ற சிப் உள்ளவற்றில் 3.0 மட்டும்தான்; 7530யூ என்ற பெயரைப் பார்த்துப் புது சிப் என்று ஏமாற வேண்டாம், உள்ளே இருப்பது பழைய வடிவமைப்பே. அங்கே இந்த டிரைவ் 3500 எம்பி பக்கம் நின்றுவிடும். வேர்ட், குரோம், கொஞ்சம் போட்டோ எடிட்டிங் என்று போகிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. சில மலிவு மாடல்களில் ஸ்லாட்டுக்கு இரண்டு லேன்தான் கொடுத்திருப்பார்கள். அப்போது 3.0 என்றால் 1700 எம்பி அளவுதான் வரும்; அது டிரைவின் குறை அல்ல.

உள்ளே இருப்பது டிஎல்சி ஃப்ளாஷ், அதாவது ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் சிப். பரிந்துரைக்க முதல் காரணம் இதுதான். இதே விலைப் பக்கத்தில் வரும் க்ரூஷியல் பி3, பி3 ப்ளஸ் இரண்டும் செல்லுக்கு நான்கு பிட் திணிக்கும் க்யூஎல்சி. எழுதித் தாங்கும் அளவை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்: எஸ்என்580 1 டிபிக்கு 600 டிபிடபிள்யூ (மொத்தம் எழுதக்கூடிய டிபி), பி3 1 டிபிக்கு 220. கிங்ஸ்டன் என்வி2-க்கு 320, வாரண்டியும் மூன்று வருடம்தான். அதில் எந்த ஃப்ளாஷ், எந்த கன்ட்ரோலர் வரும் என்பது வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். 600 டிபியை ஐந்து வருடத்துக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 328 ஜிபி வரும். வீட்டு லேப்டாப்பில் தினமும் இவ்வளவு எழுதுகிறவர் யாரும் இல்லை. ஆகவே சாதாரணப் பயன்பாட்டில் டிபிடபிள்யூ முடிந்து வாரண்டி முடிகிற கதை நடக்காது, ஐந்து வருடம் முடிந்துதான் முடியும்.

தனி டிரேம் (தற்காலிக நினைவகம்) சிப் கிடையாது. அதற்குப் பதிலாக எச்எம்பி என்ற முறையில் லேப்டாப் ரேமில் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறது. சூடும் மின்செலவும் குறைவாக இருக்க இதுவும் ஒரு காரணம். பாதகம் என்று பார்த்தால், நூறு, இருநூறு ஜிபியை ஒரே மூச்சில் கொட்டும்போது கேச் (வேகமாக எழுதும் தற்காலிக இடம்) நிரம்பியதும் வேகம் நன்றாகவே இறங்கும். வீடியோ எடிட்டிங்கே தொழில் என்றால் இது உங்களுக்கான டிரைவ் அல்ல.

2 டிபி வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட் வந்தபோது எஸ்என்580, எஸ்என்770 ஆகியவற்றின் 2 டிபி மாடல்கள் நீலத்திரை அடித்து விழுந்தன. எச்எம்பிக்கு இந்த டிரைவ்கள் கேட்ட 200 எம்பியை விண்டோஸ் அப்படியே கொடுத்ததும், டிரைவால் அதைச் சமாளிக்க முடியவில்லை. கம்பெனி புது ஃபர்ம்வேர் (டிரைவுக்குள் இருக்கும் மென்பொருள்) கொடுத்துச் சரிசெய்தது. ஆனால் கடையில் கிடப்பது பழைய இருப்பாக இருந்தால் அந்த ஃபர்ம்வேர் உள்ளே இருக்காது. ஆகவே 2 டிபி வாங்கினால் மாட்டியதும் முதல் வேலை கம்பெனியின் டாஷ்போர்டு மென்பொருளில் ஃபர்ம்வேர் அப்டேட். 1 டிபிக்கு இந்தப் பிரச்சினை வரவில்லை.

இன்னொரு விஷயம், 2025 பிப்ரவரியில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஃப்ளாஷ் வியாபாரம் சான்டிஸ்க் என்று தனிக் கம்பெனியாகப் பிரிந்துவிட்டது. பெட்டி மேல் டபிள்யூடி என்று இருந்தாலும் எஸ்எஸ்டி வாரண்டிக்கு இனி சான்டிஸ்க் பக்கம்தான் போக வேண்டும். 580 கிடைக்காவிட்டால் 2024-இல் வந்த எஸ்என்5000 அடுத்த தேர்வு. அதிலும் 2 டிபி வரைதான் டிஎல்சி, 4 டிபி மாடல் க்யூஎல்சி.

உங்கள் லேப்டாப்பில் பொருந்துமா?

ஆர்டர் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இது. லேப்டாப்பின் முழு மாடல் நம்பரைப் போட்டு சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். டெல்லில் சர்வீஸ் மேனுவல், எச்பியில் மெயின்டெனன்ஸ் அண்ட் சர்வீஸ் கைடு, லெனோவோவில் ஹார்டுவேர் மெயின்டெனன்ஸ் மேனுவல் என்று பெயர். மூன்றுமே கம்பெனி தளத்தில் இலவசம். லெனோவோவுக்கு பிஎஸ்ஆர்இஎஃப் என்ற தனி விவரப்பக்கமும் உண்டு. எத்தனை ஸ்லாட், எந்த நீளம் என்று மாடல்வாரியாக இருக்கும். அதில் "1 டிபி வரை" என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். அது கம்பெனி தானே விற்றுச் சோதித்த அளவு, அதற்கு மேலும் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும்.

நீளம்தான் அடிக்கடி தவறுகிற இடம். ஐடியாபேட் ரகங்களில் பலவற்றில் தொழிற்சாலையிலிருந்து வருவது 2242, அதாவது 42 மில்லிமீட்டர் துண்டு. பல மாடல்களில் அதே இடத்தில் 2280 மாட்ட ஸ்க்ரூ துளை இருக்கும், சிலவற்றில் தனி பிராக்கெட் வேண்டும். 2230 மட்டும் எடுக்கிற லேப்டாப்பில் எஸ்என்580 உட்காரவே உட்காராது. பழைய லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட் இருந்தாலும் அது பழைய, மெதுவான சாட்டா வகையாக இருக்கலாம். அதில் எஸ்என்580 போன்ற என்விஎம்இ (பிசிஐஇ வழியாக ஓடும்) டிரைவை மாட்டினால் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கும் மென்பொருள்) கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. 2.5 இன்ச் ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ளவற்றுக்கு இந்த விமர்சனம் பொருந்தாது, அங்கே சாம்சங் 870 ஈவோ, க்ரூஷியல் எம்எக்ஸ்500 போன்ற சாட்டா டிரைவ்தான். ஆப்பிள் மேக்புக் ஏர் வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். 2018 முதல் வந்தவற்றில் ஃப்ளாஷ் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும்.

இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருந்தால் அதிர்ஷ்டம். பழையதைத் தொடாமல் புதியதை அங்கே மாட்டி, டிஸ்க் மேனேஜ்மென்டில் ஃபார்மட் செய்து டி டிரைவாக வைத்துக்கொள்ளலாம். க்ளோன் (டிரைவை அப்படியே நகலெடுப்பது) தேவையில்லை, விண்டோஸ் இன்ஸ்டால் தேவையில்லை, வாரண்டிக் கவலையும் பாதியாகிவிடும்.

வாரண்டி போகுமா?

இங்கே இருப்பது ஒரு வாரண்டி அல்ல, இரண்டு. லேப்டாப்புக்கு ஒன்று, எஸ்எஸ்டிக்கு ஒன்று. ஒன்றின் நிபந்தனை மற்றதற்குப் பொருந்தாது.

லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் எப்படித் திறப்பது, எஸ்எஸ்டியை எப்படிக் கழற்றுவது என்று படம் போட்டு மேனுவல் வெளியிடுகின்றன. வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளக்கூடிய பாகங்கள் என்று லெனோவோவில் சிஆர்யூ, எச்பியில் சிஎஸ்ஆர் எனத் தனி வகையே உண்டு. உங்கள் மாடலில் எஸ்எஸ்டி அந்தப் பட்டியலில் இருந்தால் திறந்ததற்காக வாரண்டியை மறுக்க அவர்களுக்கு வாயே இல்லை. பட்டியலில் இல்லாவிட்டாலும், திறந்தது என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியும் ரத்து என்று இந்தக் கம்பெனிகளின் வாரண்டித் தாளில் தேடினாலும் கிடைக்காது. அதில் இருப்பது வேறு: நீங்கள் போட்ட வெளிப்பொருளுக்கு அவர்கள் பொறுப்பல்ல, நீங்கள் செய்த வேலையால் வந்த சேதத்துக்கும் பொறுப்பல்ல. இது நியாயமான வரிதான்.

ஆக, ஸ்கிரீனில் கோடு விழுந்தாலோ கீபோர்டு செத்தாலோ, எஸ்எஸ்டி மாற்றியதைக் காட்டி மறுக்க முடியாது. ஆனால் பேட்டரி கனெக்டரின் முள் வளைந்திருந்தால், பின்மூடி க்ளிப் உடைந்திருந்தால், ஸ்க்ரூ தலை வழுக்கிப்போயிருந்தால், சர்வீஸ் சென்டரில் சிஐடி என்று எழுதிவிடுவார்கள். வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம் என்று அர்த்தம். அந்த மூன்று எழுத்து ஜாப் ஷீட்டில் விழுந்துவிட்டால் அப்புறம் எவ்வளவு பேசினாலும் எஸ்டிமேட்தான் வரும். மூடியைக் கழற்றியது வினை அல்ல. கழற்றிய தடம் தெரிவதுதான் வினை.

ஸ்க்ரூ மேல் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டிவரும் லேப்டாப்களும் உண்டு. அமெரிக்காவில் 1975-இன் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம் இருப்பதால், இப்படி ஸ்டிக்கரைக் காட்டி மிரட்டக்கூடாது என்று அங்கத்திய வர்த்தக ஆணையம் 2018 ஏப்ரலில் ஆறு கம்பெனிகளுக்கும், 2024 ஜூலையில் இன்னும் எட்டுக்கும் கடிதம் அனுப்பியது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கே சர்வீஸ் சென்டரில் போய்ச் சண்டை போடாதீர்கள். இந்தியாவில் அதற்கு நேரான சட்டம் இல்லை. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை ரைட் டு ரிப்பேர் இணையதளம் ஒன்றைத் தொடங்கியது, கம்பெனிகளின் வாரண்டி, சர்வீஸ் விவரங்களை ஓரிடத்தில் சேர்த்தது. அதற்குச் சட்டத்தின் பலம் கிடையாது. நம் கையில் இருப்பது 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சேவைக் குறைபாடு என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம், அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதுவரை போகாமல் இருக்க எளிய வழி இதுதான்: திறப்பதற்கு முன்பே கம்பெனிக்கு மெயில் போடுங்கள். மாடல், சீரியல் நம்பர் கொடுத்து, "எஸ்எஸ்டியை நானே மாற்றினால் மற்ற பாகங்களுக்கு வாரண்டி தொடருமா?" என்று ஒரே கேள்வி. போனில் வரும் பதிலுக்கு மதிப்பில்லை, எழுத்தில் வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்டிக்கர் உள்ள மாடல் என்றால் இந்த மெயில் கட்டாயம். "முடியாது, சர்வீஸ் சென்டரில்தான் மாற்ற வேண்டும்" என்று வந்தால் வாரண்டி முடியும்வரை பொறுங்கள், அல்லது டிரைவை வாங்கிக்கொண்டு அவர்களிடமே கொடுத்து மாட்டுங்கள்.

அலுவலகம் கொடுத்த லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். அங்கே வாரண்டி இரண்டாம்பட்சம், முதலில் ஐடி டிபார்ட்மென்ட் கேட்கும்.

மூடியைத் திறப்பதற்கு முன்

பலர் மாட்டிக்கொள்வது ஸ்க்ரூவில் அல்ல, விண்டோஸின் டிரைவ் பூட்டான பிட்லாக்கரில். விண்டோஸ் 11 ஹோமில்கூட டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். 24எச்2-க்குப் பிறகு புதிதாக விண்டோஸ் போட்டால் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய்ப் பாருங்கள். ஆனில் இருந்தால் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் உள்ள 48 இலக்க ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு ஆஃப் செய்யுங்கள். என்கிரிப்ஷன் முழுவதும் அவிழும்வரை காத்திருந்து, அதன் பிறகே க்ளோன்.

லேப்டாப்போடு வந்த ஆஃபீஸை இதுவரை ஆக்டிவேட் செய்யாமல் விட்டிருந்தால் இப்போதே செய்து அக்கவுண்டோடு சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் லைசென்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், அது மதர்போர்டோடு இருப்பது. டிரைவ் மாறினாலும் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

தேவையான சாமான்கள்: பிஎச்0, பிஎச்1 அளவில் கூட்டல் குறி வடிவ ஸ்க்ரூடிரைவர் முனைகள், கிடார் பிக் போல மெல்லிய பிளாஸ்டிக் துண்டு, 8 ஜிபி அல்லது அதற்கு மேல் ஒரு பென்டிரைவ், என்விஎம்இ யுஎஸ்பி என்குளோஷர் (டிரைவை உள்ளே வைத்து யுஎஸ்பியில் செருகும் பெட்டி). என்குளோஷர் வாங்கும்போது ரியல்டெக் ஆர்டிஎல்9210பி சிப் உள்ளதாகப் பாருங்கள். வேலை முடிந்ததும் பழைய டிரைவ் அதற்குள் போய்விடும், ஆகவே வீண் செலவு அல்ல. எஸ்என்580 பெட்டிக்குள் ஸ்க்ரூ வராது. பழையதைக் கழற்றும் ஸ்க்ரூவே போதும், காலி ஸ்லாட் என்றால் மட்டும் எம்2 அளவில் 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூ தனியாக வாங்க வேண்டியிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் எந்த லேப்டாப் ஸ்பேர் கடையிலும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

க்ளோனா, புது இன்ஸ்டாலா?

லேப்டாப் வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் புது இன்ஸ்டால் நல்லது. மென்பொருள் நிறைய, லைசென்ஸ் சிக்கல் உள்ளவை என்றால் க்ளோன்.

க்ளோனுக்கு டபிள்யூடி வாங்கியவர்களுக்கு அக்ரோனிஸ் இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் அது கணினியில் டபிள்யூடி டிரைவ் இருந்தால்தான் ஓடும். சில என்குளோஷர்கள் உள்ளே இருக்கும் டிரைவின் பெயரை மறைத்துத் தங்கள் பெயரைக் காட்டும். அப்போது "டபிள்யூடி பொருள் இல்லை" என்று மென்பொருள் அடம்பிடிக்கும். அப்படியானால் க்ளோன்ஸில்லா அல்லது ரெஸ்க்யூஸில்லா; இரண்டும் இலவசம், பென்டிரைவிலிருந்து ஓடும். மேக்ரியம் ரிஃப்ளெக்ட் ஃப்ரீயைப் பழைய வீடியோக்கள் இன்னும் பரிந்துரைக்கின்றன, அந்த இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு கைவிடப்பட்டது.

க்ளோன் முடிந்து பார்த்தால் சி டிரைவ் பழைய அளவிலேயே இருக்கும், மீதி இடம் காலியாகக் கிடக்கும், இடத்தைப் பெருக்கும் எக்ஸ்டெண்ட் வால்யூம் பட்டன் மங்கலாக இருக்கும். காரணம், சி டிரைவுக்குப் பின்னால் ரெகவரி பார்ட்டிஷன் (விண்டோஸை மீட்க ஒதுக்கிய பகுதி) குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒட்டிய இடத்தை மட்டுமே விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும். க்ளோன் செய்யும்போதே அளவைக் கையால் மாற்றும் வசதி இருந்தால் ரெகவரியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மறந்துவிட்டால் பார்ட்டிஷனை மாற்றும் ஜிபார்ட்டெட் மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு பூட் செய்து தள்ளலாம். 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபி என்று காட்டும். கம்பெனி ஆயிரத்தில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-இல் எண்ணுகிறது. ஏமாற்று இல்லை.

புது இன்ஸ்டால் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலில் பென்டிரைவ் தயார் செய்யுங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் ஒரு தொல்லை உண்டு: இன்ஸ்டால் திரையில் டிரைவே தெரியாது. டிரைவ் செத்துப்போய் வந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் நிறையப் பேர். பிரச்சினை விஎம்டி, அதாவது டிரைவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் இன்டெல் வசதி. லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். லோட் டிரைவர் என்று கொடுத்தால் டிரைவ் வந்துவிடும். பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்தும் போடலாம். ஆனால் க்ளோன் செய்த விண்டோஸுக்கு அதைத் தொடாதீர்கள், இன்அக்சசிபிள் பூட் டிவைஸ் என்று நீலத்திரைதான் வரும்.

மாட்டுவது

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இல்லாமல் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். மூடியைத் திறந்ததும் முதலில் கை போக வேண்டிய இடம் பேட்டரி கனெக்டர். அதைக் கழற்றாமல் எஸ்எஸ்டியைத் தொட்டால், ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுகிற ஒரு நொடி போதும், போர்டு போய்விடும். மேலே தூக்குவதா, பக்கவாட்டில் இழுப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். மேனுவலைப் பார்த்துவிட்டு நகத்தால் அல்லது பிளாஸ்டிக்கால் எடுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள்.

பின்மூடி ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. கீல் பக்கம் நீளமானவை, கை வைக்கும் பக்கம் குட்டையானவை. நீளமானதைக் குட்டையின் துளையில் போட்டுத் திருகினால் மேல்பக்கம் கீபோர்டு பிளாஸ்டிக்கில் பரு மாதிரி புடைத்துக்கொண்டு வரும். சிஐடிக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அட்டையில் லேப்டாப் அடிப்பக்கத்தை வரைந்து, எடுக்கும் ஸ்க்ரூவை அதே இடத்தில் குத்தி வையுங்கள். எச்பி 15எஸ் வகைகளில் ரப்பர் பட்டைக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். மூடி வரவில்லையே என்று பலத்தைக் காட்டி க்ளிப்பை உடைப்பது பெரும்பாலும் இந்த லேப்டாப்களில்தான். ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டிவிட்டு உரித்தால் பசையோடு முழுதாக வரும். டெல் இன்ஸ்பிரானில் சில ஸ்க்ரூக்கள் மூடியை விட்டு வெளியே வராது; அவை தளர்ந்ததும் மூடியே கொஞ்சம் மேலே எழும், அந்த இடைவெளியில் பிக்கை விட்டு சுற்றி வர வேண்டும்.

பழைய எஸ்எஸ்டியின் ஸ்க்ரூவை எடுத்தால் அது தானாக முப்பது டிகிரிக்கு எழுந்து நிற்கும். அதே சாய்வில் புதியதை விட்டு, தங்க நிறப் பற்கள் கிட்டத்தட்ட மறையும்வரை தள்ளி, அழுத்தி, ஸ்க்ரூவைப் போடுங்கள். ஸ்க்ரூ நின்றதும் கால் சுற்று போதும். பழையதன் மேல் தகடோ தெர்மல் பேடோ இருந்தால் அது புதியதன் மேலும் இருக்க வேண்டும். எஸ்என்580 மேல் ஒட்டியிருக்கும் லேபிளை உரிக்காதீர்கள். பேட் நேராகச் சிப்பில் படட்டும் என்று உரிப்பவர்கள் உண்டு. சீரியல் நம்பர் லேபிள் இல்லாத டிரைவுக்கு வாரண்டியே கிடையாது.

க்ளோன் செய்தவர்கள் முதல் முறை ஆன் செய்யும்போது பழைய டிரைவ் எந்த வழியிலும் இணைந்திருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாளம் என்பதால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும், சில சமயம் பழையதிலிருந்தே பூட் ஆகும். விண்டோஸ் வந்ததும் டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்து பாருங்கள். பவர் ஆன் ஹவர்ஸ் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் உங்களுக்கு விற்றது பழைய சரக்கு, அன்றே கடைக்குத் திருப்புங்கள். 40, 50 டிகிரி சாதாரணம். 70-ஐத் தாண்டினால் பேட் சரியாக உட்காரவில்லை.

பழைய டிரைவை என்ன செய்வது?

உடனே ஃபார்மட் செய்து பென்டிரைவாக்கிவிட வேண்டும் என்று கை அரிக்கும். லேப்டாப் வாரண்டி முடியும்வரை அதைத் தொடாதீர்கள். மதர்போர்டு போய் ஆன்சைட் இன்ஜினியர் வருகிறார் என்றால், அவர் வருமுன் பழைய டிரைவை மாட்டி, லேப்டாப்பை வாங்கியபோது இருந்த நிலையில் கொடுங்கள். வெளி டிரைவ் இருந்தால் "முதலில் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்" என்று கேஸைத் தள்ளிப்போட ஒரு சாக்கு கிடைத்துவிடும். உங்கள் டேட்டாவும் அவர் கைக்குப் போகாது. சும்மா கிடக்கும் எஸ்எஸ்டி மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் டேட்டாவை வைத்திருக்கும் என்று நம்பக்கூடாது, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்குளோஷரில் செருகி வையுங்கள்.

வாரண்டிக்குள் அந்தப் பழைய டிரைவே பழுதானால் கம்பெனி மாற்றிக் கொடுக்கும், ஆனால் பழுதானதைத் திருப்பித் தராது. டிரைவை நாமே வைத்துக்கொள்ளும் வசதி டெல், எச்பி, லெனோவோவில் தனிக் கட்டணச் சேர்க்கை. தொழிற்சாலை விண்டோஸே அழிந்துவிட்டாலும் வழி உண்டு: எச்பிக்கு க்ளவுட் ரெகவரி டூல், டெல்லுக்கு சப்போர்ட்அசிஸ்ட் ஓஎஸ் ரெகவரி, லெனோவோவுக்கு டிஜிட்டல் டவுன்லோடு ரெகவரி. சீரியல் நம்பர் கொடுத்தால் இறக்கிக்கொள்ளலாம்.

எஸ்என்580-க்கான வாரண்டி

ஐந்து வருடம் அல்லது 600 டிபிடபிள்யூ, எது முந்துகிறதோ அது. ஆன்லைனில் வாங்கும்போது விற்பவர் யார் என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கைக் கொண்டுவந்து கொஞ்சம் மலிவாக விற்பவர்கள் உண்டு, அதற்கு இங்கே வாரண்டி கேட்டால் கிடைக்காமல் போகலாம். பெட்டி வந்ததும் சீரியல் நம்பரைக் கம்பெனியின் வாரண்டிப் பக்கத்தில் போட்டு, முடிவுத் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் வேண்டும் என்று கேளுங்கள். தெர்மல் பேப்பரில் அடித்த பில் இரண்டே வருடத்தில் வெளுத்துவிடும், அன்றே போட்டோ எடுத்து மெயிலில் போட்டுவிடுங்கள்.

வாரண்டியில் மாற்றிக் கொடுப்பது டிரைவை மட்டும். உள்ளே இருந்தது போனது போனதுதான். செத்துப்போன எஸ்எஸ்டியை அழித்துவிட்டு அனுப்பவும் முடியாது, ஏனென்றால் அது கணினிக்கே தெரியாது. பேங்க் ஸ்டேட்மென்டும் ஆதார் ஸ்கேனும் அதற்குள் இருக்க, கூரியரில் யாருக்கோ அனுப்ப மனம் வராமல் வாரண்டியையே விட்டுவிட்டவர்கள் உண்டு. அதனால் மாட்டி, எல்லாம் ஓடுகிறது என்று உறுதியானதும், க்ளோனுக்காக அணைத்த டிவைஸ் என்கிரிப்ஷனை மறுபடி ஆன் செய்துவிடுங்கள். புது ரெகவரி கீ உருவாகும், பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அதை எழுதி வையுங்கள்.